சன்னாசியின் பெரிய கோடாலி

நவம்பர் 8, சனி

மழை மூன்றாம் நாள். காப்பிப் பழம் பறிக்க ஒருவரும் இறங்கவில்லை. ஈச்சமலை எஸ்டேட்டில் நான் ரைட்டர். ஆள் வராத நாளில் பதிவேட்டில் எழுத ஒன்றுமில்லை, அதனால் இதில் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் வந்திருக்கிறார். வண்டன்மேட்டில் ஏலத்தோட்ட வேலை. மாதம் ஒருமுறை நாலைந்து நாள் வருவார். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால் வாசலில் நிற்கவே மாட்டார், தலையைக் குனிந்து நேரே உள்ளே போய்விடுவார். பக்கத்து வீடு என் அண்ணன் காசிமாயனுடையது. இரண்டு வாசலுக்கும் இடையில் பத்தடி இருக்கும். நாலு வருஷமாக அண்ணன் எங்களோடு பேசுவதில்லை.

அண்ணன் மகள் பவளக்கொடி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவளுக்கு இந்தச் சண்டை கிடையாது. மத்தியானம் குடையோடு வந்து, "அத்தை, புளிக்கொழம்பு வாசம் எங்க வீடு வரைக்கும் அடிக்குது. மாமா வந்துட்டாரா?" என்றாள். அவரே எழுந்து அவளுக்குத் தட்டு வைத்தார். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது என்று நர்ஸ் சொன்னாளாம். அந்த வீட்டில் அவரை இன்னும் மாமா என்று கூப்பிடுகிறவள் இவள் ஒருத்திதான்.

நவம்பர் 9, ஞாயிறு

விறகெல்லாம் ஈரம். கைக்கோடாலியால் சிறாய் சீவி அடுப்பு மூட்டினேன். அப்பா சன்னாசியின் சாமான்களில் எனக்கு வந்தது இந்தக் கைக்கோடாலி மட்டும்தான்.

அப்பா காட்டு முகாம்களில் மரம் வெட்டியவர். அவரிடம் இரண்டு இருந்தன. அடிமரத்துக்குப் பெரிய கோடாலி, கிளை கழிக்க இது. அண்ணன் திருப்பூர் போய்விட்ட ஒன்பது வருஷம், முகாமில் அப்பாவோடு நின்றது நான். சமையலுக்கென்று போனவள், இரண்டாம் வருஷமே பெரிய கோடாலியைப் பிடித்துவிட்டேன்.

அப்பா செத்த கருமாதியன்று சொந்தக்காரர்கள் இரண்டையும் பாயில் வைத்தார்கள். "பெருசு ஆம்பளப்புள்ளைக்கு, சிறுசு பொட்டப்புள்ளைக்கு" என்றார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே பெரிய கோடாலியைக் காணவில்லை. அண்ணன் மொட்டைத் தலையோடு வாசலில் நின்று, அத்தனை பேர் முன்னாலும், "எங்கப்பன் கோடாலிய வித்துக் குடிக்க வேற எவனுக்கு மனசு வரும்? மாப்ளையத் தவிர?" என்றார். அப்போது என் வீட்டுக்காரர் குடிப்பார், உண்மைதான். அய்யனார் மேல் சத்தியம் செய்தார். யாரும் நம்பவில்லை. ஒரு மாதத்துக்குள் எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு வண்டன்மேடு போய்விட்டார். அன்றிலிருந்து ஒரு சொட்டு குடித்ததில்லை.

பெரிய கோடாலி எப்படி இருக்கும் என்று மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன். தண்டவாளத் துண்டை அடித்துச் செய்தது. தலை மட்டும் ஒன்றே முக்கால் கிலோ. வாய் வளைவு மூன்றாம் பிறை மாதிரி. கீழ்முனை மேல்முனையைவிட ஒரு நூல் தேய்ந்திருக்கும், அப்பாவுக்கு வலது தோள் சரிவு. காம்பு வெக்காலி மரம். பிடிக்கிற இடத்தில் கறுத்து, கண்ணாடி போல் வழவழப்பு. ஆப்பு அடித்த இடத்தில் மயிரிழை அளவு ஒரு விரிசல், போன மழைக்குக் கொஞ்சம் நீண்டிருக்கிறது. ஓங்கும்போது கனமே தெரியாது. இறங்கும்போதுதான் தெரியும்.

மத்தியானம் காப்பி ஸ்டோரில் கொஞ்சம் வேலை இருந்தது, போய்வந்தேன். சோப்பு போட்டும் கையில் எண்ணெய் வாடை போகவில்லை.

"ஞாயித்துக்கெழமை ஸ்டோர்ல என்ன வேலை?" என்று கேட்டார்.

"எலி" என்றேன்.

நவம்பர் 11, செவ்வாய்

நேற்று ராத்திரி அடித்த காற்றில் லயன் வீடுகள் தப்பியது பெரிது. விடிந்து பார்த்தால் சில்வர் ஓக் மரங்கள் சீப்பில் பல் உடைந்த மாதிரி நிற்கின்றன. கரண்ட் இல்லை. போனில் டவர் இல்லை. தார்ரோட்டுக்கு இறங்கும் மூன்று கிலோமீட்டர் ஜீப் பாதையில் பதினோரு மரம் விழுந்திருக்கிறது என்று டிரைவர் பாக்கியநாதன் நடந்துபோய் எண்ணிவந்து சொன்னான்.

"பத்து மரம் பிரச்சினையில்ல ரைட்டரம்மா. பாறை வெட்டுல அந்தப் பெரிய வேங்கை விழுந்து கெடக்கு. அதுதான்."

அந்த இடம் எனக்குத் தெரியும். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறு பக்கம் பள்ளம்.

பாதை அடைபட்டதால் அவரும் வண்டன்மேடு திரும்ப முடியாது.

நவம்பர் 12, புதன்

எஸ்டேட்டில் ஒரே ஒரு மோட்டார் வாள். அது வந்ததிலிருந்து கோடாலிக்கு வேலையில்லை என்று எஸ்டேட் கோடாலிகளைக் கரையான் தின்ன விட்டுவிட்டார்கள். ஆட்களிடம் அரிவாள்தான் இருக்கிறது. அண்ணனிடம் சந்தையில் வாங்கிய கோடாலி ஒன்று.

எல்லோரும் பாதைக்குப் போனோம். அவரும் வந்தார். அண்ணன் ஒரு முனையில், அவர் மறுமுனையில். சாயங்காலம் நாலு மணிக்குள் பத்து மரம் அறுத்துத் தள்ளியாகிவிட்டது. வேங்கையிடம் வந்தோம். அடிமரம் என் இடுப்பு உயரம். பாதையின் நீளத்துக்குக் கிடக்கிறது. கிளைகள் பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவே வேலி மாதிரி அடைத்திருக்கின்றன. ஒரு ஆள் வயிற்றால் ஊர்ந்து போகலாம். அவ்வளவுதான்.

பாக்கியநாதன் நடுமரத்தில் மேலிருந்து வாளை வைத்தான்.

"மேலருந்து அறுக்காத. நடுவுல தொங்குது பாரு, கவ்விரும்" என்றேன்.

"மிஷினுக்கு அதெல்லாம் கெடையாதுக்கா."

ஒரு சாண் இறங்கியதும் மரம் உட்கார்ந்து வாளைக் கவ்விக்கொண்டது. ஆறு பேர் சேர்ந்து இழுத்ததில் வாளின் பட்டை வளைந்துபோனது. மிஷின் இன்னும் மரத்திலேயே நிற்கிறது.

நவம்பர் 13, வியாழன்

வேங்கை கல் மாதிரி. அண்ணன் காலையிலிருந்து வெட்டினார். பதினொரு மணிக்குக் கோடாலியின் வாய் மடங்கிப்போனது. அரம் போட்டுத் தீட்டி மறுபடி வெட்டினார். ஒரு மணிக்குக் காம்பு முறிந்தது.

அப்புறம் நடந்ததை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

அண்ணன் என் பக்கம் வந்து நின்றார். நாலு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு: "ஒங்கிட்ட ஏதாச்சும் இருக்கா?"

"கைக்கோடாலி இருக்குண்ணே. எடுத்துக்க."

"இத வச்சு இந்த மரத்த என்ன பண்றது? வேற?"

"வேற எங்கிட்ட என்ன இருக்கு?"

சொல்லும்போது என் வீட்டுக்காரர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மழை விட்டுவிட்டது. நாளையோ மறுநாளோ கீழேயிருந்து ஹைவேஸ் ஆட்கள் மிஷினோடு வந்துவிடுவார்கள். பவளத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அவசரம் ஒன்றுமில்லை.

நவம்பர் 14, வெள்ளி

உள்ளங்கை இரண்டும் கிழிந்திருக்கிறது. பேனா பிடிக்க முடியவில்லை.

நவம்பர் 15, சனி

நேற்று நடந்தது.

காலை ஆறரை மணிக்கு மதினி கத்தினாள். ஓடினேன். பவளம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலடியில் ரத்தம். வலி இல்லை என்றாள். வலியில்லாமல் ரத்தம் மட்டும் வந்தால் அது நல்லதில்லை என்பது எனக்குத் தெரியும். பாக்கியநாதன் மரத்துக்கடியில் ஊர்ந்துபோய் தார்ரோட்டுக்கு ஓடினான், அங்கே டவர் கிடைக்கும். முக்கால் மணி நேரத்தில் சேறும் சகதியுமாகத் திரும்பி வந்தான். "நர்ஸம்மாகிட்ட பேசிட்டேன். ஒரு அடிகூட நடக்க விடக்கூடாதாம். குலுக்கவும் கூடாதாம். ஆம்புலன்சு வேங்கைக்கு அந்தப் பக்கம் வந்து நிக்கும். நாமதான் கொண்டு போகணும்."

அண்ணன் கட்டிலைத் தூக்க ஆள் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் முதல் ஆளாகக் கட்டில் காலைப் பிடித்தார். யாரும் தடுக்கவில்லை.

"கட்டிலோட மரத்துக்கடியில எப்படிப் போவீங்க?" என்று மதினி அழுதாள்.

நான் சாவியை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு ஓடினேன். பரணில் ஏறி, கிழிந்த சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் கையை விட்டேன். அது எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும். நாலு வருஷமாக மாதம் ஒருமுறை எண்ணெய் போட்டிருக்கிறேன். ஒரு துளி துரு இல்லை.

ஆமாம். நான்தான் எடுத்தேன். கருமாதியன்று, எல்லோரும் பந்தியில் இருந்தபோது. ஒன்பது வருஷம் என் கையில் இருந்ததைப் பாயில் வைத்து இன்னொருத்தருக்கு எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அண்ணன் என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு என்னால் வாய் திறக்க முடியவில்லை. முடியவில்லை என்பதும் பொய். திறக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது கட்டிலை வேங்கைக்கு முன்னால் இறக்கி வைத்திருந்தார்கள். தோளில் கோடாலியோடு நான் வருவதை எல்லோரும் பார்த்தார்கள். அண்ணனுக்கு ஒரு பார்வை போதும், அது எந்தக் கோடாலி என்று தெரிய. வாய் திறந்தபடி நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. கட்டிலின் மறுபக்கம் நின்ற என் வீட்டுக்காரரைத்தான் பார்த்தேன். அவர் கோடாலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பவளத்தின் போர்வையை இழுத்துச் சரி செய்தார்.

"எங்கருந்து..." என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"அப்புறம் அடிண்ணே. இப்ப நகரு."

முதல் வெட்டு விழுந்ததும் கைக்கு ஞாபகம் வந்துவிட்டது. சாய்வாக ஒன்று, நேராக ஒன்று. சில்லு உள்ளங்கை அகலத்துக்குத் தெறித்து விழுந்தது. அண்ணனின் கோடாலி அரை நாள் கொத்திய இடத்தில் இது கால் மணி நேரத்தில் ஒரு முழம் இறங்கியது. மரம் கல் மாதிரி என்று முந்தாநாள் எழுதினேன். கல் இல்லை. வாய் கூராக இருந்தால் வேங்கையும் மரம்தான்.

எனக்கு மூச்சு வாங்கியபோது அண்ணன் கையை நீட்டினார். கொடுத்தேன். அவர் வெட்ட, நான் எந்தப் பக்கம் விறைப்பாக இருக்கிறது என்று பார்த்துச் சொன்னேன். வளைந்து நிற்கும் கிளையை வெளிவளைவில் வெட்டக் கூடாது. தெறித்தால் ஆள் முகம் போய்விடும். "கீழ வெட்டுண்ணே. இப்ப மேல. தள்ளி நில்லு." நான் சொன்னபடியெல்லாம் செய்தார். என் அண்ணன் என் சொல் கேட்டு நான் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் பெரிய கோடாலியைத் தொடவே இல்லை. அண்ணன் களைத்து நீட்டியபோதும் கையைக் கட்டிக்கொண்டார். முந்தின நாளிலிருந்து அங்கேயே மண்ணில் கிடந்த என் கைக்கோடாலியை எடுத்து, தனியாக ஒரு ஓரத்தில் சின்னக் கிளைகளைக் கழித்துக்கொண்டே இருந்தார். விரல் முட்டியெல்லாம் ரத்தம். நிறுத்தவில்லை.

பவளம் மட்டும் பேசிக்கொண்டே இருந்தாள். "அத்தை, குளுருது." பிறகு, "அத்தை, எவ்வளவு நேரமாகும்?" பிறகு பேச்சு நின்றுபோனது. மதினி அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

ஒரு மணி நேரமும் இருபது நிமிஷமும் ஆனது. கட்டில் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்தது. நாலு பேர் தூக்கிக்கொண்டு நுழைந்தார்கள். முன்காலில் அண்ணன், பின்காலில் அவர். அந்தப் பக்கம் வெள்ளை வேன் நின்றது. கதவு சாத்தும்போது பவளத்தின் உதடு வெள்ளைத்தாளாக இருந்தது. அண்ணனும் மதினியும் ஏறினார்கள்.

நாங்கள் திரும்பி நடந்தோம். அவர் இருபதடி முன்னால். ஒரு தரம்கூடத் திரும்பவில்லை.

இன்று சனி, மணி நாலு. இன்னும் எந்தத் தகவலும் இல்லை. பதிமூன்றாம் தேதி அண்ணன் கேட்டபோதே எடுத்துக் கொடுத்திருந்தால் அன்றைக்கே பாதை திறந்திருக்கும். விடிந்ததும் ஜீப்பிலேயே போயிருப்பாள். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானே எழுதுகிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

பவளம் உயிரோடு இருக்கிறாள். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம். அண்ணன் துணி எடுக்க வந்தவர், என் வாசலில் நின்று சொன்னார். "இன்னும் அரை மணி போயிருந்தா ரெண்டு உசுரும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு." வேறு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. என் வீட்டுக்காரர் உள்ளே தன் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

அண்ணன் தன் வீட்டுக்குப் போனதும் பேசினார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம்.

"குடிச்ச போதையில நானே எடுத்து எங்கயாச்சும் போட்டுட்டனோன்னு எத்தன நாளு யோசிச்சிருக்கேன் தெரியுமா? சத்தியம் பண்ணிட்டு வந்து இந்த எடத்துலதான் ஒக்காந்து அழுதேன். நீ சோறு போட்ட. கொழம்பு ஊத்துன. இன்னும் கொஞ்சம் வச்சுக்கங்கன்னு சொன்ன."

நான் அப்படித்தான் சொன்னேன். ஞாபகம் இருக்கிறது.

நவம்பர் 17, திங்கள்

அவர் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். போகிறேன் என்று சொல்லவில்லை.

ஏழு மணிக்கு ஆட்கள் பேர் கொடுக்க ஸ்டோர் முன்னால் வரிசையாக நின்றார்கள். இருபத்தாறு பேர். கருமாதியன்று வாசலில் இருந்தவர்களில் பாதிப்பேர் இவர்கள்தான். துணி எடுக்க வந்த அண்ணன் இன்னும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவில்லை, அவரும் பின்னால் நின்றார். பெரிய கோடாலியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தேன்.

"எங்கப்பா கோடாலிய எடுத்தது நான். எங்க வீட்டுக்காரர் எடுக்கல. அவருக்கு இது எங்க இருக்குன்னே தெரியாது. நாலு வருசமா அவர நீங்க திருடன்னு பேசும்போதெல்லாம் நான் இங்கதான் ஒக்காந்து பேர் எழுதிக்கிட்டு இருந்தேன்."

  வரிசையில் நின்ற ஒரு கிழவி, "அந்த மனுசன் மூஞ்சியில முழிக்கக்கூடாதுன்னு நான் வழி மாறிப் போயிருக்கேனேடி" என்றாள்.

அண்ணன் முன்னால் வந்தார். கோடாலியை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"நீ எடுத்த. சரி. திருடன்னு சொன்ன வாயி என்னோடது. அதுக்கு நீ எப்படிப் பதில் சொல்லுவ? வண்டன்மேட்டுல எந்தத் தோட்டம்?"

சொன்னேன். மாற்றுத்துணியை மதினிக்குக் கொண்டுபோகச் சொல்லிப் பாக்கியநாதனிடம் கொடுத்துவிட்டு, அண்ணன் அங்கிருந்தே நடந்தார். செருப்புகூட மாற்றவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

ஆள் பதிவு: 26. பழம் பறிப்பு ஆரம்பம்.

நவம்பர் 20, வியாழன்

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பவளத்தையும் குழந்தையையும் பார்த்துவிட்டு வருகிறார்களாம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் பையை அண்ணன் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் தலை குனியவில்லை. லயனில் இரண்டு மூன்று பேர் வந்து கையைப் பிடித்துப் பேசினார்கள். பிறகு அண்ணனோடு பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டார். நான் உலை வைத்துக் காத்திருந்தேன். அவர் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே படுத்துக்கொண்டார்.

நவம்பர் 21, வெள்ளி

இன்றும் அங்கேதான். சிரிப்புச் சத்தம் கேட்கிறது. நல்லது.

கோடாலியை அண்ணன் வாசலில் சாத்தி வைத்துவிட்டு வந்தேன். மத்தியானம் அண்ணன் விறகு பிளக்கிற சத்தம் கேட்டது. முதலில் கணகணவென்று வந்தது, காம்பை இறுக்கிப் பிடித்திருக்கிறார். போய்ச் சொல்லலாமா என்று எழுந்தேன், உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் தானாகவே மாறி, மொத்தென்று சரியாக விழ ஆரம்பித்தது. அது இனி அவருடையது. நெஞ்சு வலித்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 23, ஞாயிறு

காலை பத்து மணிக்கு என் வீட்டுக்காரர் ஏணியோடு வந்தார். வாசலில் நின்றே சொன்னார்.

"மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத. காத்துல ஓடு சரிஞ்சு கெடக்கு. அடுத்த மழைக்குச் சுவரு ஊறிரும். அதுக்குத்தான் வந்தேன்."

"சரிங்க."

அவர் மேலே ஏறினார். நான் கீழே நின்று ஓட்டை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினேன். என் உள்ளங்கைக் கட்டைப் பார்த்தபடியே வாங்கிக்கொண்டார். ஒரு மணி நேரம் அப்படியே போனது. முப்பது நாற்பது ஓடு மாற்றியிருப்பார். திடீரென்று கை நின்றது.

"ஊருக்குச் சொல்லாட்டியும் போகுது. எங்கிட்ட மட்டுமாச்சும் ஏன் சொல்லல?"

இந்த ஒரு வாரமாக இதற்கு எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தேன். பயம், வெட்கம், அண்ணன் கோபம். எல்லாமே பாதி உண்மைதான். முழு உண்மையைச் சொன்னேன்.

"ஒங்ககிட்டச் சொல்லியிருந்தா நீங்க திருப்பிக் குடுக்கச் சொல்லியிருப்பீங்க."

அவர் ஏணியில் நின்றபடி என்னைப் பார்த்தார். என் முகத்தை நான் திருப்பவில்லை.

"ஆமா. சொல்லியிருப்பேன்" என்றார்.

பிறகு அடுத்த ஓட்டுக்குக் கையை நீட்டினார்.